சுமையைக் குறைக்கும் குழு

ஆட்டிசம் உள்ள ஒருவர் முப்பது வயதைத் தாண்டி ஒரு சிகிச்சைக் குழுவைத் தேடி வருகிறார் என்றால், பெரும்பாலும் அது அவருடைய முதல் சரிவாக இருக்காது. கல்லூரி இறுதியாண்டில் ஒரு முறை, முதல் வேலையில் சேர்ந்த சில மாதங்களில் ஒரு முறை, திருமணத்துக்கோ இடமாற்றத்துக்கோ பிறகு ஒரு முறை என்று ஏற்கெனவே விழுந்து எழுந்திருப்பார். ஒவ்வொரு முறையும் லீவு போட்டு, தூங்கி, கொஞ்சம் தேறி, விட்ட இடத்துக்கே திரும்பியிருப்பார். இப்படி மீண்டும் மீண்டும் பர்ன்அவுட்டுக்கு ஆளாகிறவர்களுக்குக் குழு நடத்த நினைக்கும் உளவியலாளர்களையும் சமூகப் பணியாளர்களையும் சுய உதவிக் குழு நடத்துபவர்களையும் மனதில் வைத்து இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. குழுவில் சேரலாமா என்று யோசிப்பவர்களும் படிக்கலாம். சொல்ல வருவது ஒன்றுதான்: வந்தவருக்கு இன்னும் அதிகமாகத் தாங்கப் பழக்குவது இந்தக் குழுவின் வேலை ஆகாது. அவர் தாங்கிக்கொண்டிருப்பதில் எதை இறக்கி வைக்கலாம் என்று கண்டுபிடித்து, இறக்கி வைக்கும் வரை கூட இருப்பதே அதன் வேலை. குழு நடக்கும் விதமே அவர் தலையில் இன்னொரு சுமையை ஏற்றுமானால், உள்ளே எவ்வளவு நல்ல பாடம் நடந்தாலும் பயனில்லை.

முதலில், எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். வேலையால் வரும் சோர்வுக்கு பர்ன்அவுட் என்ற பெயரை 1974-இல் உளவியலுக்குள் கொண்டுவந்தவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பர்கர். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் அதை ஒரு நோயாகச் சொல்லாமல், வேலையோடு மட்டும் சேர்ந்த நிலையாக வைத்திருக்கிறது. ஆட்டிசம் உள்ளவர்கள் சொல்லும் பர்ன்அவுட் வேறு. அமெரிக்காவின் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டோரா ரேமேக்கர், தாமும் ஆட்டிசம் உள்ளவர். அவரும் அவர் குழுவினரும் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மூன்று அடையாளங்களைச் சொல்கிறது: பொதுவாக மூன்று மாதத்துக்கு மேல் நீளும் களைப்பு, ஏற்கெனவே கைவந்த திறமைகள் நழுவிப் போவது, ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றைத் தாங்கும் அளவு குறைவது. பின்னிரண்டும்தான் இதைத் தனியாகக் காட்டிக்கொடுக்கின்றன. ஒரு கம்பெனியின் கணக்கு வழக்கை ஒற்றை ஆளாகப் பார்த்தவருக்கு, பருப்பை முதலில் வேக வைப்பதா, காயை முதலில் நறுக்குவதா என்ற வரிசை பிடிபடாமல் அடுப்படியில் அரை மணி நேரம் நிற்க நேர்கிறது. வருடக்கணக்கில் கேட்டுப் பழகிய மிக்ஸி சத்தம் திடீரென்று பல்லுக்குள் இறங்குகிறது. சிலருக்குப் பேச்சே வராமல் போகிறது. வீட்டில் உள்ளவர்கள் இதைச் சோம்பலாகவோ நடிப்பாகவோ எடுத்துக்கொள்வதற்குக் காரணமும் இங்கேதான் இருக்கிறது. போன மாதம் வரை இதையெல்லாம் செய்துகொண்டிருந்த ஆள்தானே இவர்!

ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? ரேமேக்கரின் ஆய்வில் பேசியவர்கள் சொன்னது இது: வாழ்க்கையின் நெருக்கடிகள் குவிந்துகொண்டே போகின்றன, அவற்றிலிருந்து மூச்சுவிட உதவி கிடைப்பதில்லை, எதிர்பார்ப்போ திறனை மிஞ்சி நிற்கிறது. நெருக்கடிகளில் முக்கியமான ஒன்று மாஸ்கிங், அதாவது ஆட்டிசத்தின் அடையாளம் எதுவும் வெளியே தெரியாதபடி நாள் முழுவதும் நடந்துகொள்வது. கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், கையாட்டத்தை அடக்க வேண்டும், மற்றவர்கள் சிரிக்கும்போது சிரிக்க வேண்டும், பேசப்போவதை மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொள்ள வேண்டும். லாரா ஹல்லும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2017-இல் 92 பேரிடம் இதைப் பற்றிக் கேட்டபோது, அதன் பிறகு வரும் கடும் களைப்பையும் தனியாக ஒதுங்கித் தேற வேண்டிய தேவையையும் பலரும் சொன்னார்கள். இப்போது ஒரு சரிவுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று பாருங்கள். கொஞ்சம் தெம்பு வந்ததும் முதலில் ஒட்டுப்போடப்படுவது வெளித்தோற்றம்தான், ஏனென்றால் மற்றவர்கள் மெச்சுவது அதைத்தான். ஆள் பழையபடி சிரித்துப் பேசுகிறார் என்றதும் பழைய வேலைகள் அத்தனையும் அவர் மேல் திரும்ப ஏறுகின்றன. உள்ளே பாதிகூட நிரம்பியிருக்காது. இதோடு இன்னொரு சங்கடமும் உண்டு. தன் உணர்ச்சிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று தனக்கே சட்டென்று புலப்படாத அலெக்ஸிதைமியா என்ற நிலை, ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இருப்பதாக 2019-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. ஆக, அவர் ஓய்ந்துகொண்டிருப்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை, அவருக்கும் காலம் கடந்தே தெரிகிறது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் குழு வேண்டும் என்கிறேன். அதே வழியில் நடந்து விழுந்த நான்கைந்து பேர், எதிரே இருப்பவர் வழுக்கத் தொடங்குவதை அவருக்கு முன்பே பார்த்துவிடுவார்கள்.

ஆட்டிசம் என்றதும் நம் ஆலோசகர்கள் பலருக்கும் நினைவுக்கு வரும் குழு வேறு. அது சமூகத் திறன் பயிற்சிக் குழு. உரையாடலை எப்படித் தொடங்குவது, நகைச்சுவையை எப்படிப் புரிந்துகொள்வது, ஒருவரை வெளியே அழைப்பது எப்படி என்று வாரம் ஒரு பாடம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் எலிசபெத் லாகசன் உருவாக்கிய பீயர்ஸ் திட்டம் இந்த வகையில் புகழ்பெற்றது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு பெரியவர்களுக்கென்று 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் குழுவாக நடக்கும் சமூகக் கற்றல் திட்டங்களைப் பரிந்துரைத்திருக்கிறது. நண்பர்கள் வேண்டும், வழி தெரியவில்லை என்று தானாகக் கேட்டு வருகிறவருக்கு இவை உதவலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் நான்காம் முறை ஓய்ந்து விழுந்தவர் இந்தத் திறன்களில் பலவற்றை வருடக்கணக்கில் பழகி, அதற்கு விலை கொடுத்தவர். அவரிடம் இன்னும் கொஞ்சம் நன்றாகச் சேர்ந்து பழகு என்பது, அவரை எரித்த காரணத்தையே மருந்தாகக் கொடுப்பது. ரேமேக்கரின் ஆய்வில் பர்ன்அவுட்டைத் தணித்தவை என்று சொல்லப்பட்டவற்றைப் பார்த்தால் வேறு திசை தெரிகிறது: மற்றவர்கள் ஏற்றுக்கொள்வது, துணை கிடைப்பது, விடுப்பும் எதிர்பார்ப்புக் குறைப்பும், காரியங்களைத் தனக்கு இயல்பான முறையிலேயே செய்துகொள்ள விடுவது. குழுவின் பாடத்திட்டம் இந்த வரிசையிலிருந்துதான் புறப்பட வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். மனிதர்களோடு பழகுவதே களைப்பூட்டுகிறது என்று வருகிறவரை மறுபடி மனிதர்களுக்கு நடுவில் கொண்டுபோய் உட்கார வைப்பானேன்? தனியாக ஒரு ஆலோசகரைப் பார்த்தால் போதாதா? இதற்கு ஸ்வீடனில் நடந்த ஒரு சோதனையைக் கவனமாகப் படிப்பது நல்லது. ஈவா ஹெசல்மார்க்கும் உடன் பணிபுரிந்தவர்களும் 2014-இல் வெளியிட்டது அது. மனநல மருத்துவ சேவையில் இருந்த ஆட்டிசம் உள்ள 68 பெரியவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு அறிதல் நடத்தைச் சிகிச்சைக் குழு. மறு பாதிக்குப் பாடம் எதுவும் இல்லாமல் சேர்ந்து பொழுதுபோக்கும் குழு. இரண்டும் வாரம் ஒரு முறை மூன்று மணி நேரம், மொத்தம் 36 அமர்வுகள். முடிவில் இரு பக்கத்தாருக்கும் வாழ்க்கைத் தரம் ஒரே போல உயர்ந்திருந்தது. சிகிச்சைக் குழுவில் இருந்தவர்கள் தங்கள் தேவையை எடுத்துச் சொல்வதிலும் தங்கள் சிரமங்களைப் புரிந்துகொள்வதிலும் கூடுதலாக முன்னேறியதாகச் சொன்னார்கள், பாதியில் விட்டுப் போனவர்களும் அங்கே குறைவு. ஆனால் மனநோய் அறிகுறிகள் இரண்டிலும் குறையவில்லை. இதிலிருந்து இரண்டு பாடங்களை எடுத்துக்கொள்கிறேன். நிலையான நேரம், தெரிந்த ஒழுங்கு, தன்னைப் போன்ற மனிதர்கள் என்ற மூன்றுமே ஒரு மருந்தாக வேலை செய்கின்றன, மேலே என்ன பாடம் என்பது இரண்டாம்பட்சம். அதோடு, பதற்றமும் மனச்சோர்வும் போய்விடும் என்று குழுவின் பெயரால் யாருக்கும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

களைப்பூட்டுவது மனிதர்களா, அல்லது ஒரு குறிப்பிட்ட வகைப் பழக்கமா என்றும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆட்டிசம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் நடுவே நேரும் புரிதல் கோளாறு ஒரு பக்கத்துக் குறை அல்ல, இரு பக்கமும் ஒருவரையொருவர் தவறவிடுவது என்று 2012-இல் டேமியன் மில்டன் வாதிட்டார். கேத்தரின் க்ராம்ப்டன் குழுவினர் 2020-இல் எடின்பரோவில் 72 பேரை வைத்து ஒரு கதையைக் காதோடு காதாகக் கடத்தச் செய்தபோது, ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசையில் தகவல் மற்றவர்கள் வரிசையைப் போலவே நன்றாகப் போய்ச் சேர்ந்தது, கலந்த வரிசையில்தான் சிதைந்தது. இந்த முடிவைப் பலரும் கொடியாகத் தூக்கிப் பிடித்தார்கள். ஆனால் க்ராம்ப்டனே பங்கெடுத்து, 311 பேரை வைத்துச் செய்து 2025-இல் வெளியான பெரிய சோதனையில், கலந்த வரிசையிலும் தகவல் குறையவில்லை. எனவே ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் கூடினால்தான் பேச்சு விளங்கும் என்ற கணக்கைக் குழுவுக்கு ஆதாரமாக்க முடியாது. அந்தச் சோதனையில் நம் காரியத்துக்கு உதவும் வேறு ஒன்று இருக்கிறது: யாருக்கு என்ன நிலை என்று முன்பே சொல்லிவிட்டபோது ஒட்டுதல் கூடியது. மறைக்க வேண்டியதில்லாத இடமாக இருப்பதே குழுவின் பலம். தனி ஆலோசனையில் அந்தப் பலம் ஓரளவுதான் கிடைக்கும், எதிரே இருப்பவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும்.

ஆதாரம் இவ்வளவுதானா என்றால், இன்னும் கொஞ்சம் உண்டு. ஸ்வீடனின் யோஹான் பாங்கே, ஏற்பு மற்றும் உறுதிச் சிகிச்சை எனப்படும் ஏசிடி முறையை ஆட்டிசத்துக்கு ஏற்றபடி மாற்றி, 39 பெரியவர்களில் ஒரு பகுதியினருக்கு வாரம் 150 நிமிடம் வீதம் 14 அமர்வுகள் குழுவாக நடத்திப் பார்த்தார். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இவர்களுக்கு மன அழுத்தம் குறைந்து, வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. நெதர்லாந்தில் அனெலிஸ் ஸ்பெக் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மைண்ட்ஃபுல்னஸ் எனப்படும் மனக்கவனப் பயிற்சியின் ஒன்பது வாரக் குழுவில் இருந்தவர்களுக்குப் பதற்றமும் மனச்சோர்வும் ஒரே எண்ணத்தை அசைபோடுவதும் குறைந்தன. இவை எதுவும் பர்ன்அவுட்டை நேராக அளந்த சோதனைகள் அல்ல, பக்கத்து வீட்டுச் சான்றுகள். அதனால் நாம் செய்ய வேண்டியது, அந்தத் திட்டங்களை அப்படியே நகலெடுக்காமல், எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கும் எலும்புக்கூட்டை எடுத்துக்கொள்வது: முன்பே அறிவித்த ஒழுங்கு, சிறிய எண்ணிக்கை, எழுத்தில் இருக்கும் விஷயம், ஒரு முடிவுத் தேதி.

சொல்லப்போனால், குழு சிகிச்சை என்பதன் தொடக்கமே இந்த இடத்துக்கு அருகில்தான் இருக்கிறது. 1905-இல் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஜோசஃப் ப்ராட், சானடோரியம் போக வசதியில்லாத காசநோயாளிகளை வாரம் ஒரு முறை ஓரிடத்தில் கூட்டினார். வீட்டிலேயே ஓய்வெடுப்பது எப்படி என்று சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொருவரும் அன்றாட விவரங்களை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வர வேண்டும். ஓய்வு, நோட்டு, வாரக் கூட்டம் என்ற மூன்றைத் தாண்டி அங்கே பெரிய உளவியல் ஒன்றும் இல்லை. பின்னால் வந்த முறைகள் பேச்சையும் உணர்ச்சி வெளிப்பாட்டையும் நடுவில் கொண்டுவந்தன. இர்வின் யாலோம் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற பாடநூல், குழுவில் இப்போது, இங்கே, நமக்குள் என்ன நடக்கிறது என்று பேசுவதை உயிர்நாடியாக்கியது. நமக்கு மட்டும் இது நேரவில்லை என்று உணர்வதே குணப்படுத்தும் காரணிகளில் ஒன்று என்ற அவர் கருத்து நமக்கு அப்படியே பொருந்தும். ஆனால் வட்டமாக உட்கார்ந்து, நிகழ்ச்சி நிரல் இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, அவர் சொன்னது உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்கும் பாணி, ஓய்ந்துபோன ஆட்டிசம் உள்ளவருக்குத் தேர்வறை போல. இந்த வகையில் ப்ராட்டின் பக்கம் திரும்புவது நல்லது என்பது என் கட்சி.

இனி அறைக்குள் போவோம். ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். நேரம், இடைவேளையும் சேர்த்து ஒன்றரை மணி. ஸ்வீடன் குழுக்களின் இரண்டரை மணி, மூன்று மணி என்பது ஓய்ந்தவர்களுக்கு அதிகம். டியூப்லைட் முனகினால் அதை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தையோ மேஜை விளக்கையோ நம்புங்கள். சத்தம் போடும் மின்விசிறியின் கீழ் நாற்காலி போடாதீர்கள். ஊதுபத்தி, ரூம் ஃப்ரெஷ்னர் வேண்டாம். நாற்காலிகளைச் சுவரைப் பார்த்துக்கூடத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். எழுந்து நடப்பது, தரையில் உட்காருவது, கையில் எதையாவது உருட்டிக்கொண்டிருப்பது எல்லாம் விதிவிலக்கு இல்லாமல் அனுமதி. அன்று என்ன நடக்கும், எந்த வரிசையில், எந்த நிமிடத்தில் முடியும் என்று இரண்டு நாள் முன்னதாக வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்ப வேண்டும். அறிமுகச் சுற்று கூடவே கூடாது. தன் முறை வரும் வரை ஒத்திகை பார்த்துக்கொண்டே இருப்பதில் ஒரு ஆள் அன்றைய சக்தி முழுவதையும் செலவழித்துவிடுவார். பேச விருப்பமில்லாதவர் எழுதிக் காட்டலாம், எதுவும் சொல்லாமலும் இருக்கலாம். இதற்கு ஒரு நல்ல வழி ஏற்கெனவே இருக்கிறது. ஜிம் சின்க்ளேர் உள்ளிட்டோர் தொடங்கிய ஆட்டிசம் நெட்வொர்க் இன்டர்நேஷனல் அமைப்பு 1996 முதல் நடத்திய ஆட்ரீட் என்ற முகாமில், சட்டையில் வண்ண அட்டை குத்திக்கொள்ளும் பழக்கம் வேரூன்றியது. இன்று அது பரவியிருக்கும் வடிவத்தில், சிவப்பு என்றால் என்னிடம் பேச வேண்டாம், மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும், பச்சை என்றால் யாரும் வந்து பேசலாம். மூன்று வண்ணத் தாளுக்கு ஆகும் செலவு பத்து ரூபாய். அது மிச்சப்படுத்தும் விளக்கங்களுக்குக் கணக்கே இல்லை. வராமல் இருப்பதையும் குற்றமாக்காதீர்கள். இன்று வரவில்லை என்று ஒரு வரி அனுப்பினால் போதும், காரணம் வேண்டாம். வருகைப் பதிவைப் பார்த்து ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டும் நடத்துபவர், பர்ன்அவுட்டைப் பற்றி இன்னும் படிக்க வேண்டும். நடத்துபவர்கள் இருவர் இருப்பது நல்லது, அவர்களில் ஒருவராவது ஆட்டிசம் உள்ளவராக இருந்தால் மேலே சொன்னதில் பாதியை நினைவூட்டவே வேண்டியிருக்காது.

உள்ளடக்கத்தின் நடுவில் இருக்க வேண்டியது ஒரு நோட்டு. டென்மார்க்கைச் சேர்ந்த மாயா டௌடல் என்ற ஆட்டிசம் உள்ள உளவியலாளர், எது சக்தியை எடுக்கிறது, எது கொடுக்கிறது என்று வரவு செலவாக எழுதிப் பார்க்கும் முறையைப் பரப்பினார். அதை இன்னும் எளிதாக்கலாம். இன்று எப்படி உணர்ந்தீர்கள் என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாததுதான் பலருடைய சிக்கல். நடந்ததை மட்டும் எழுதச் சொல்லுங்கள். எடுத்துக்காட்டாக ஒரு செவ்வாய்க்கிழமை இப்படி இருக்கலாம்: காலை இரண்டு மீட்டிங், இரண்டாவதில் கேமரா போடச் சொன்னார்கள், மதியம் கேன்டீனில் உட்கார முடியவில்லை, படிக்கட்டில் சாப்பிட்டேன், திரும்பும் பஸ்ஸில் ஒரு மணி நேரம் நின்றேன், இரவு அக்கா போன் செய்தாள், எடுத்துப் பேசினேன், குளிக்கவில்லை, மூன்றாவது நாள். குழுவில் இதைப் படித்தால், நடத்துபவர் சொல்வதற்கு முன்பே இன்னொருவர் கேட்பார்: படிக்கட்டில் சாப்பிடுவது எப்போது தொடங்கியது? போன முறை விழுவதற்கு எவ்வளவு முன்னால் குளிப்பது நின்றது? இப்படி நான்கைந்து வாரம் போனால் ஒவ்வொருவருக்கும் சொந்தமான எச்சரிக்கைப் பட்டியல் ஒன்று உருவாகிவிடும். சிலருக்கு அது உணவு ஒரே வகையாகச் சுருங்குவது, சிலருக்குப் பதில் போடாத மெசேஜ்கள் குவிவது, சிலருக்கு விசிறிக் காற்று உறுத்துவது. புத்தகத்தில் இருக்கும் பொதுப் பட்டியலைவிட இது பத்து மடங்கு உபயோகம்.

நோட்டைப் படித்து அனுதாபப்பட்டுக் கலைந்தால் அது புலம்பல் மன்றம்தான். குழுக்களைப் பற்றிச் சொல்லப்படும் இந்தக் குறையில் உண்மை இருக்கிறது. ஒருவர் தளர்ச்சி இன்னொருவரைத் தொற்றுவதும் நடக்கும். இதற்குத் தடுப்பு, ஒவ்வொரு அமர்வும் ஒரே ஒரு முடிவோடு முடிவது: இந்த வாரம் எந்த ஒரு சுமையை இறக்குகிறேன், அதற்கு யாரிடம் என்ன சொல்ல வேண்டும். ஒன்றுதான், இரண்டு கூடாது. வெள்ளிக்கிழமை மீட்டிங்குக்கு நேரில் போகாமல் எழுத்தில் பதில் அனுப்புவது, உறவினர் கல்யாணத்தில் முகூர்த்தத்துக்கு மட்டும் தலைகாட்டிவிட்டுத் திரும்புவது, சமையலில் ஒரு மாதத்துக்கு நறுக்கிய காய் வாங்குவது என்று சின்னதாக இருக்கட்டும். அதைக் கேட்கும் வாக்கியத்தைக் குழுவிலேயே எழுதிக் கொடுங்கள். நைஸ் வழிகாட்டுதலும் ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கான சிகிச்சையில் எண்ணத்தை மாற்றுவதைவிட நடத்தையை மாற்றுவதில் அழுத்தம் வேண்டும், விதிகள் வெளிப்படையாக இருக்க வேண்டும், எழுத்தும் படமும் கூட வேண்டும், இடைவேளை வேண்டும் என்றுதான் சொல்கிறது. மாஸ்கிங்கைக் குறைப்பதும் இதே அளவுகோலில்தான் நடக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே நாளில் முகமூடியைக் கழற்று என்று உற்சாகப்படுத்துபவர்கள், வேலை போனால் வாடகை கட்டப்போவதில்லை. எந்த இடத்தில், யார் முன்னால், எந்த ஒரு பழக்கத்தை விடலாம் என்று அவரே தேர்ந்தெடுக்கட்டும். குழு அறை அதற்கு முதல் இடம், அவ்வளவே.

இதெல்லாம் மனச்சோர்வு நோய்தானே, மாத்திரை போதாதா என்று மருத்துவர்கள் சிலர் கேட்பார்கள். இரண்டும் சேர்ந்து இருக்கலாம், அதனால் மனநல மருத்துவரின் பார்வை கட்டாயம் வேண்டும். தைராய்டு, ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவற்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஆனால் வித்தியாசம் தெரியாமல் சிகிச்சை செய்தால் ஆபத்து. மனச்சோர்வில் விருப்பமே செத்துவிடுகிறது, அதனால் வெளியே போ, நாலு பேரைப் பார் என்று மெல்லத் தூண்டுவது உதவுகிறது. பர்ன்அவுட்டில் பலருக்கும் விருப்பம் உயிரோடு இருக்கிறது, ரயில் அட்டவணையோ பாசி வகையோ அவருக்குப் பிடித்த விஷயத்தைப் பேசினால் கண் மலர்கிறது, செய்யத்தான் முடியவில்லை. அவரைத் தூண்டித் தள்ளினால் இன்னும் ஆழமாக விழுவார். உயிர் அபாயத்தை மட்டும் எந்தப் பெயர் சொல்லியும் ஒதுக்கிவிடாதீர்கள். பிரிட்டனில் வயது வந்த பிறகு ஆஸ்பெர்கர் நிலை என்று கண்டறியப்பட்ட 374 பேரிடம் சாரா காசிடி குழுவினர் கேட்டபோது, 66 சதவீதம் பேர் தற்கொலை எண்ணம் வந்ததாகவும், 35 சதவீதம் பேர் திட்டமிட்டதாகவோ முயன்றதாகவோ சொன்னார்கள். அது 2014-இல் வெளிவந்தது. குழு தொடங்கும் முன்பே ஒவ்வொருவரிடமும் தனியாக இதைக் கேட்டு, நெருக்கடியில் யாரை அழைப்பது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் உதவி எண் 14416, நாள் முழுவதும் தமிழிலும் பேசலாம். குழு நெருக்கடி மையம் அல்ல என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுவது நேர்மை.

கடைசியாக ஒரு ஆட்சேபம், எல்லாவற்றிலும் கனமானது. சுமையைக் குறை என்று சொல்வது சுலபம். கடனும் வயதான அப்பாவும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிற வீட்டில் எதைக் குறைப்பது? உண்மைதான். குழுவால் கடனை அடைக்க முடியாது. ஆனால் சில சுமைகள் கேட்காததால் மட்டுமே தங்கியிருக்கின்றன. இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஆட்டிசத்தை 21 வகைகளுள் ஒன்றாக ஏற்றிருக்கிறது. அரசு அலுவலகங்கள் ஊழியருக்குத் தேவையான நியாயமான மாற்றங்களைச் செய்துதர வேண்டும் என்று அதன் 20-ஆம் பிரிவு சொல்கிறது. தனியார் உட்பட எல்லா நிறுவனங்களும் சமவாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. சான்றிதழ் வாங்குவதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு, அதில் இழப்பும் உண்டு. குழு செய்யக்கூடியது, ஹெட்ஃபோன் அனுமதிக்கோ இருக்கை மாற்றத்துக்கோ ஒரு கடிதம் எழுத உதவுவது, வீட்டாருக்கென்று ஒரு அமர்வை ஒதுக்கி, கொஞ்சம் சிரித்துப் பேசுகிறார் என்பதால் ஆள் தேறிவிட்டார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்வது. நேரில் அவரால் சொல்ல முடியாததை நான்கு பேரின் பெயரால் சொல்லும்போது வீடு கேட்கிறது.

பன்னிரண்டு வாரத்தில் குழு முடியட்டும். அதன் பிறகு மாதம் ஒரு முறை, வர முடிந்தவர்கள் மட்டும், நோட்டோடு வரட்டும். திரும்பத் திரும்ப வரும் நோவுக்கு ஒரு தடவை சிகிச்சை போதாது. நடுவில், ஆறாவது வாரத்தில், எல்லோரிடமும் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: இங்கிருந்து வீடு திரும்பும்போது, வந்தபோது இருந்ததைவிடக் களைப்பாக இருக்கிறதா? பாதிப் பேருக்கு மேல் ஆம் என்றால் குழுவை நிறுத்திவிடுங்கள். அறையையும் நேரத்தையும் ஒழுங்கையும் மாற்றி அமைத்த பிறகு, அவர்களையே கேட்டு மறுபடி தொடங்குங்கள்.